முன்பாரம், பின்பாரம்

"பழைய டிராக்டரைக் கொடுத்துட்டுப் புதுசு எடுக்கலாம்னு இருக்கேன்" என்று வீட்டில் பேச்செடுத்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எடுங்க. ஆனா முதல்ல கொக்கியைப் பாருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஏன் சுருக்கென்றது என்று சொல்வதற்கு இரண்டு வருஷம் பின்னால் போகவேண்டும்.

எங்கள் பூர்வீகம் ராஜகீழ்ப்பாக்கம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற ரோட்டில் கேம்ப் ரோடு தாண்டினால் வரும். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது எங்கள் ஊரும் அதற்குள் போய்விட்டது. நான் பள்ளிக்கூடம் போன நாளில் ஏரிக்குக் கீழே எல்லாம் நெல்தான். அப்புறம் வயல் மனையானது, மனை வீடானது, வீடு அடுக்குமாடியானது. அப்பா தன் பங்கை விற்ற காசில் மதுராந்தகம் தாண்டி ஒரு கிராமத்தில் ஏழு ஏக்கர் வாங்கினார். நாங்கள் அங்கே போய்விட்டோம். அம்மா மட்டும் பழைய வீட்டை விட்டு வரமாட்டேன் என்று இன்னமும் ராஜகீழ்ப்பாக்கத்தில்தான் இருக்கிறாள். கூடவே இரண்டு கறவை மாடு. மூன்று பக்கமும் நாலு மாடிக் கட்டடம், நடுவில் எங்கள் மாட்டுக்கொட்டகை. சாணி நாற்றம் என்று புகார் சொன்னவர்களே இப்போது காலையில் பாத்திரம் எடுத்துக்கொண்டு பாலுக்கு வருகிறார்கள்.

அறுவடை முடிந்ததும் வயலிலிருந்து வைக்கோல் ராஜகீழ்ப்பாக்கம் போகும். அம்மாவின் மாட்டுக்கு மட்டுமில்லை, மாடம்பாக்கம் பக்கம் மாடு வைத்திருக்கிற நாலைந்து பேருக்கும் சேர்த்து. திரும்பி வரும்போது அவர்கள் கொட்டகை எரு டிரெய்லர் நிறைய ஏறும். பட்டணத்துச் சாணி கிராமத்துக்கு, கிராமத்து வைக்கோல் பட்டணத்துக்கு. பதினைந்து வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆடி மாசம். விடிகாலை நாலரை மணிக்கு எரு ஏற்றினோம். கூட மச்சான் பையன். இருபத்தொரு வயசு. கொட்டகைச் சந்தில் டிரெய்லரைப் பின்பக்கமாகத்தான் விடமுடியும், அதனால் பின் கதவைத் திறந்து அங்கிருந்தே அள்ளி அள்ளிப் போட்டார்கள். எரு முக்கால்வாசி பின்பக்கம் குவிந்தது. முன்பக்கம் தள்ளிவிட யாருக்கும் பொறுமை இல்லை. போலீஸ் வருவதற்குள், டிராபிக் சேர்வதற்குள் தாம்பரம் பாலம் ஏறிவிட வேண்டும் என்பதுதான் நினைப்பு. பையன் டிரெய்லரின் முன் பலகை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

வேளச்சேரி ரோட்டில் ஒரு வேகத்தடை. டிராக்டர் ஏறி இறங்கியது. டிரெய்லர் சக்கரம் ஏறி இறங்கும்போது 'டணங்' என்று ஒரு சத்தம். வண்டி திடீரென்று லேசாகிவிட்டது. கால் வைத்திருந்த ஆக்சிலேட்டரில் அது தெரிந்தது. திரும்பிப் பார்க்கிறேன், டிரெய்லர் மூக்கை வானத்தில் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தை ரோட்டில் உரசி நிற்கிறது. எரு ரோடு முழுக்க. பையனைக் காணோம். பக்கத்துக் கால்வாய் ஓரம் கிடந்தான்.

பின்னால் வந்த மாநகரப் பேருந்து டிரைவர் சட்டென்று நிறுத்தியதால் அதோடு போயிற்று. எதிர்க் கட்டடத்து வாட்ச்மேன் ஓடிவந்தார். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து, பின் சீட்டில் எரு படிந்த உடம்போடு அவனைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இன்றுவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது. கார் கழுவக் காசு கொடுக்கப் போனேன், முறைத்தார். பட்டணத்துக்காரங்களுக்கு ஈரமில்லை என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

பையனுக்கு வலது கால் எலும்பு இரண்டு இடத்தில். பிளேட் வைத்தார்கள். ஏழு மாசம் வயலுக்கு வரவில்லை. இப்போதும் குளிர் நாளில் நொண்டுவான்.

காரணம் என்ன தெரியுமா? பின். டிராக்டர் கொக்கியையும் டிரெய்லர் மூக்கு வளையத்தையும் சேர்க்கிற இரும்பு முளை. அசல் பின் எங்கோ தொலைந்து, நான் ஒரு பழைய போல்ட்டைச் சொருகி வைத்திருந்தேன். கீழே அது கழலாமல் இருக்க ஒரு கிளிப் போடவேண்டும். போடவில்லை. "ஒரு நாளைக்குத்தானே" என்று ஆரம்பித்து மூன்று மாசம் ஓடியிருந்தது. தப்பு வண்டி மேல் இல்லை, கம்பெனி மேல் இல்லை. என் மேல்.

ஆனால் கிளிப் இல்லாத அந்த போல்ட் மூன்று மாசம் கழலாமல்தான் இருந்தது. அன்றைக்கு மட்டும் ஏன் கழன்றது? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பதில் என் தாத்தா வைத்திருந்த மாட்டு வண்டியில் இருந்தது.

தாத்தா வண்டி ஏற்றும்போது பக்கத்தில் நின்று சத்தம் போடுவார். "முன்பாரம்டா, கொஞ்சம் பின்னால தள்ளு." "பின்பாரம்டா, மாடு தொங்குது பாரு." இரட்டைமாட்டு வண்டிக்கு ஒரே அச்சு, இரண்டு சக்கரம். அது தராசு மாதிரி. சுமை அச்சுக்கு முன்னால் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் அழுத்தும். மாடு நாலு மைலில் படுத்துவிடும். சுமை பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டுக்கும் நடுவில், கழுத்தில் லேசாக உட்காருகிற மாதிரி கொஞ்சம் முன்பாரம் இருக்கவேண்டும். தாத்தா வண்டி ஏற்றியதும் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். அதுதான் அவர் எடை மேடை.

டிராக்டருக்குப் பின்னால் போகிற இரண்டு சக்கர டிரெய்லரும் அதே வண்டிதான். மாட்டுக் கழுத்துக்குப் பதில் கொக்கி. அன்றைக்கு எரு பின்பாரம். மூக்கு ஏற்கெனவே மேலே தூக்கிக்கொண்டிருந்தது. வேகத்தடையில் ஒரு உதறல். வளையம் எழும்பும்போது போல்ட்டையும் உருவிக்கொண்டு போய்விட்டது. தாத்தா இருந்திருந்தால் எரு ஏற்றும்போதே கத்தியிருப்பார்.

கால் ஆறி அவன் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு, அவனையே கூட்டிக்கொண்டு எடை மேடைக்குப் போனேன். ஒரு சோதனை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், செலவு நூறு இருநூறு ரூபாய்.

முதலில் டிராக்டரை மட்டும் மேடையில் ஏற்றினேன், நானும் சீட்டில். 2,010 கிலோ. அப்புறம் டிரெய்லரில் எண்பது மூட்டை நெல்லைச் சீராக அடுக்கினோம். கொள்முதல் நிலையத்துக்குப் போகிற மூட்டை, நாற்பது நாற்பது கிலோ, ஆக 3,200 கிலோ. வெறும் டிரெய்லர் 1,080. மொத்தம் 4,280. அதை டிராக்டரில் பூட்டி, டிராக்டர் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கிற மாதிரி, டிரெய்லர் சக்கரம் வெளியே நிற்கிற மாதிரி நிறுத்தினேன். மேடை 2,480 காட்டியது. அதாவது டிரெய்லர் மூக்கு டிராக்டர் மேல் 470 கிலோ அழுத்துகிறது. மொத்தத்தில் நூற்றுக்குப் பதினொன்று. இந்த மாதிரி டிரெய்லருக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு மூக்கில் இருந்தால் நல்லது என்பது பொதுவாகச் சொல்கிற ஒரு கணக்கு.

அப்புறம் அதே எண்பது மூட்டையை ஒன்றரை அடி பின்னால் தள்ளி அடுக்கினோம். மேடை 1,950 காட்டியது.

பையன் இரண்டு தடவை பார்த்தான். "மாமா, டிராக்டர் எடை குறைஞ்சிடுச்சே!"

குறையத்தான் செய்யும். டிரெய்லர் இப்போது டிராக்டரின் பின்பக்கத்தை 60 கிலோ மேலே தூக்குகிறது. ஒன்றரை அடி. அவ்வளவுதான் வித்தியாசம். அவன் ஒன்றும் பேசாமல் தன் காலைத் தடவிக்கொண்டான்.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. புது டிராக்டர் வாங்கப் போகிறவன் முதலில் கேட்கவேண்டியது எத்தனை குதிரைத்திறன் என்பது இல்லை. எதை இழுக்கப் போகிறோம், அதன் மூக்கு எங்கே உட்காரப் போகிறது, இறக்கத்தில் அதை எது நிறுத்தப் போகிறது. இந்த மூன்றும் முடிவான பிறகுதான் டிராக்டர். நாங்கள் எல்லாரும் தலைகீழாகத்தான் செய்துகொண்டிருக்கிறோம். டிராக்டருக்கு மாலை போட்டுக் கொண்டுவருவோம், டிரெய்லர் எங்காவது செகண்டில் வாங்குவோம், கொக்கி பின் பழைய இரும்புக் கடையில்.

எனக்கு இதில் வாத்தியார் ஒருவன் வாய்த்தான். சித்தப்பா பையன், ராஜகீழ்ப்பாக்கத்திலேயே இருக்கிறான். ஒரகடத்திலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்துகிற இடத்துக்கு எங்கள் இருவரையும் கூட்டிப் போய்க் காட்டினான்.

முன்பக்க இழுவை வண்டியின் பின்சக்கரத்துக்கு நேர் மேலே, குதிரை லாடம் மாதிரி நடுவில் பிளவு விட்ட ஒரு கனமான இரும்புத் தட்டு. கிரீஸ் பூசிப் பளபளவென்று இருந்தது. டிரைவர்கள் அதை டர்ன்டேபிள் என்பார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் ஐந்தாம் சக்கரம். டிரெய்லரின் அடியிலிருந்து கட்டைவிரலை நீட்டியது மாதிரி ஒரு முளை தொங்குகிறது, அது கிங் பின். பொதுவாக 50 மில்லிமீட்டர் கனம். பெரும் பெரும் சுமைக்கு 90. வண்டி பின்னால் வரும்போது அந்த முளை பிளவுக்குள் நுழையும், உள்ளே இருக்கிற தாடை கப்பென்று கவ்விக்கொள்ளும்.

"இத்தனை டன்னையும் இந்த ஒரு முளையா இழுக்குது?" என்று கேட்டேன்.

"ஆமாணா. அதான் ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்ப்பேன். தாடை மூடியிருக்கான்னு கண்ணால பார்க்கணும். சத்தம் கேட்டதை நம்பக்கூடாது. அப்புறம் டிரெய்லர் பிரேக்கைப் போட்டுட்டு, முன்வண்டியை மெதுவா ஒரு இழு இழுத்துப் பார்ப்பேன். வரலைன்னா பூட்டியிருக்கு."

அவன் இன்னொன்றும் சொன்னான். "உங்க டிராக்டர்ல சுமை சக்கரத்துக்குப் பின்னாடி தொங்குது. என் வண்டியில சக்கரத்துக்கு மேலேயே உட்காருது. அதான் வித்தியாசம்." யோசித்தால் பெரிய வித்தியாசம். பின்னால் தொங்குகிற சுமை முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும், வாலாட்டும். அச்சின் மேல் உட்காருகிற சுமை வண்டியை ரோட்டோடு அழுத்திப் பிடிக்கும்.

ஐந்தாம் சக்கரம் என்ற பெயர் குதிரை வண்டிக் காலத்துப் பெயர். நாலு சக்கரக் குதிரை வண்டி திரும்பவேண்டுமானால் முன் அச்சு மட்டும் தனியாகத் திரும்பவேண்டும். அதற்காக அச்சின் மேல் படுக்கை வாட்டத்தில் ஒரு வளையம் வைத்தார்கள். படுத்துக்கிடக்கிற அதுதான் ஐந்தாவது சக்கரம். நம் கோயில் தேருக்கு அது கிடையாது. அதனால்தான் தேர் திருப்பும்போது முட்டுக்கட்டை போட்டு, நூறு பேர் வடம் பிடித்து, மூலைக்கு மூலை அரை மணி நேரம் போராடுகிறோம்.

1914-ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் மரக்கடை முதலாளி ஒருவருக்குத் தன் படகை ஏரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் கேட்டார். அவர் ஒரு ஃபோர்டு மாடல் டி காருக்குப் பின்னால் பூட்டுகிற இரண்டு சக்கர வண்டி ஒன்று செய்துகொடுத்தார். அதே வண்டியில் மரமும் ஏற்றலாமே என்று முதலாளி கேட்க, அப்படித்தான் செமி டிரெய்லர் என்ற சொல்லும் தொழிலும் கிளம்பியது. பட்டறைக் கொல்லர் ஆரம்பித்த வேலைதான் இன்று நம் ஒரகடம் ரோட்டில் ஓடுகிறது.

அமெரிக்காவில் இப்போது வீட்டையே இப்படி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். படுக்கை, அடுப்படி, குளியலறை எல்லாம் உள்ள டிரெய்லர். பிக்கப் வண்டியின் தொட்டிக்குள்ளேயே ஐந்தாம் சக்கரத்தைப் பொருத்தி இழுப்பார்கள். அங்கேயும் இதே சிக்கல்தான். வண்டி எத்தனை டன் இழுக்கும் என்று விளம்பரத்தில் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த வகை டிரெய்லர் எடையில் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை முளை வழியாக வண்டியின் முதுகில் உட்காரும். ஏழு டன் டிரெய்லர் என்றால் ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் டன். அதோடு குடும்பம், டீசல், அந்த இரும்புத் தட்டின் எடையும் சேரும். இழுக்கிற சக்தி மிச்சம் இருக்கும், சுமக்கிற சக்தி முதலில் தீர்ந்துபோகும். அதனால்தான் பெரிய டிரெய்லர்காரர்கள் ஃபோர்டு எஃப்-350, ராம் 3500 மாதிரி கனமான வண்டிகளுக்கு, பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் உள்ளதாகப் பார்த்துப் போகிறார்கள். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. தாத்தா சொன்ன மாட்டுக் கழுத்துக் கணக்கேதான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

முதல் கேள்வி, டிரெய்லர் இரண்டு சக்கரமா, நாலு சக்கரமா? நாலு சக்கர டிரெய்லரின் முன் அச்சில் அந்தப் படுக்கை வளையம் இருக்கும், அதாவது ஐந்தாம் சக்கரத்தின் அசல் வடிவம். சுமை முழுக்க டிரெய்லரின் நாலு சக்கரத்திலேயே நின்றுவிடும், கொக்கியில் பாரமே விழாது. நல்லதுதானே என்று தோன்றும். கரும்பு லோடுக்கு, சமதளத்துக்கு நல்லதுதான். ஆனால் சேற்று வயலில் டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் வேண்டும். இரண்டு சக்கர டிரெய்லரின் முன்பாரம் அந்தச் சக்கரத்தை அழுத்திப் பிடித்துக்கொடுக்கும். நாலு சக்கரம் அதைக் கொடுக்காது. பின்னால் தள்ளி நிறுத்துவதும் சர்க்கஸ், இரண்டு இடத்தில் மடங்கும். ராஜகீழ்ப்பாக்கத்துச் சந்தும் எங்கள் களத்து வழியும் எனக்குத் தெரியும். இரண்டு சக்கர டிப்பர் போதும் என்று முடிவு செய்தேன்.

பட்டறைக்காரர் பழகியவர். அவரிடம் மூன்று விஷயம் எழுதிக் கொடுத்தேன். அச்சு நட்டநடுவில் வேண்டாம், கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கவேண்டும், சீராக ஏற்றினாலே தானாகக் கொஞ்சம் முன்பாரம் விழுகிற மாதிரி. மூக்கு வளையம் தகட்டில் வெட்டியதாக இருக்கக்கூடாது, உலையில் அடித்த கனமான வளையமாக இருக்கவேண்டும். டிரெய்லர் சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும்.

மூன்றாவதைக் கேட்டதும் சிரித்தார். "யாருமே கேட்கறதில்லையே! டிராக்டர்ல பிரேக் இருக்கே."

இருக்கிறது. ஆனால் டிராக்டர் இரண்டு டன், பின்னால் வருகிற டிரெய்லர் ஐந்து டன். ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போது ஐந்து டன் இரண்டு டன்னை முதுகில் தள்ளுகிறது. இரண்டரை மடங்கு கனமானவன் பின்னாலிருந்து தள்ளினால் நீங்கள் எப்படி நிற்பீர்கள்? பட்டறைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு விலை சொன்னார்.

இரண்டாவது கேள்வி, டிராக்டர். ஷோரூமில் முதலில் கேட்டது, "எவ்ளோ ஹெச்.பி. பார்க்கறீங்க சார்?" நான் கேட்டது, "கொக்கி பின் அச்சுலேருந்து எவ்ளோ தூரம்?" அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. பாவம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். டேப் வாங்கி நானே அளந்தேன். சுமார் இரண்டடி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறக்குறைய ஆறரை அடி. மூக்கில் 600 கிலோ உட்கார்ந்தால் முன்சக்கரத்திலிருந்து 180 கிலோவுக்கு மேல் குறைந்துவிடும். இரண்டு டன் வண்டிக்கு முன்சக்கரத்தில் இருப்பதே 700, 800 கிலோதான். மேட்டில் ஏறும்போது, வெடுக்கென்று கிளட்ச் விடும்போது, இன்னும் குறையும். ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி லேசானால் முன்சக்கரம் ரோட்டை விடப்போகிறது என்று அர்த்தம். அதனால் முன்னால் மாட்டுகிற எடைக்கட்டிகளைச் சேர்த்தே வாங்கினேன்.

கொக்கியின் உயரம் அதைவிட முக்கியம். டிராக்டரை எப்போதும் பின் அச்சுக்குக் கீழேதான் இழுக்கவிட வேண்டும். உயரத்தில், மேல் இணைப்பில் கயிற்றையோ சங்கிலியையோ கட்டி இழுத்தால், சுமை நகராதபோது டிராக்டர் தன் பின்சக்கரத்தைச் சுற்றியே மல்லாந்துவிடும். கண் மூடித் திறப்பதற்குள். சேற்றில் மாட்டிய வண்டியை அவசரத்தில் அப்படி இழுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் மூன்று முனை இணைப்பைக் கண்டுபிடிக்க ஒரு காரணமே இதுதான். அந்தக் காலத்து டிராக்டரில் கலப்பை கல்லில் மாட்டினால் வண்டி மல்லாந்து ஆளை நசுக்கும். கலப்பையும் டிராக்டரும் ஒரே உடம்பு மாதிரி இருக்கவேண்டும் என்று யோசித்து 1926-ல் காப்புரிமை வாங்கினார். அவர் பெயர் ஒட்டிய மாசி ஃபெர்குசன் டிராக்டரைத்தான் 1960-ல் ஆரம்பித்த சென்னை டாஃபே கம்பெனி நமக்குச் செய்துகொடுத்தது. அந்த மூன்று முனையும் உழுவதற்கு. ஐந்து டன் டிரெய்லரை அதில் மாட்டிய ஓட்டைப் பட்டையில் பூட்டக்கூடாது. டிரெய்லருக்கு டிராக்டர் உடம்போடு சேர்ந்த கீழ்க்கொக்கிதான்.

மாசி, மகிந்திரா, சுவராஜ் மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். எதை வாங்கினேன் என்று சொல்லமாட்டேன், விளம்பரமாகிவிடும். ஒவ்வொருவர் மண்ணுக்கும் ஒவ்வொன்று. 45 குதிரைத்திறனுக்கு மேல், எண்ணெயில் மூழ்கிய பிரேக், கனமான உடம்பு. பக்கத்தில் சர்வீஸ். அவ்வளவுதான் பார்த்தேன். நகரத்து நண்பர்களுக்கு ஒரு தகவல்: டிராக்டருக்கு இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக் பெடல், வலது சக்கரத்துக்கு ஒரு பெடல். வயலில் சட்டென்று திரும்ப அது வசதி. ரோட்டுக்கு வந்ததும் இரண்டையும் ஒரு தாழ்ப்பாள் போட்டுச் சேர்த்துவிட வேண்டும். மறந்து ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் திரும்பும், பின்னால் வருகிற டிரெய்லர் அதை மடக்கிப் புரட்டிவிடும்.

மூன்றாவது, மனைவி சொன்ன கொக்கி. புதுப் பின், அளவுக்கு ஏற்றது, ஆடாதது. கீழே பூட்டுக் கிளிப், சீட்டுக்கடியில் மாற்றுக் கிளிப் இரண்டு. மூக்குக்கு அடியில் குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலி. பின் போனாலும் சங்கிலிகள் மூக்கைத் தரையில் விழாமல் தொட்டில் மாதிரி தாங்கும். பின்பக்கம் சிவப்பு ஒளிரும் பட்டை. எல்லாம் சேர்த்துச் செலவு டிராக்டர் விலையில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இதை இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்திருந்தால் ஒரு பையனின் கால் முழுசாக இருந்திருக்கும். இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது.

இன்னொரு முடிவும் எடுத்தேன், அதுதான் வலித்தது. டிராக்டர் இனி ராஜகீழ்ப்பாக்கம் போகாது. மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில், மலை மாதிரி வைக்கோலோடு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஜி.எஸ்.டி. ரோட்டில் போவது விவசாயம் இல்லை, சூதாட்டம். இரண்டு பேர் செய்கிற சூதாட்டம்கூட இல்லை, பின்னால் பைக்கில் வருகிறவன் தலையையும் பந்தயம் வைக்கிற சூதாட்டம். வைக்கோலுக்கும் எருவுக்கும் இனி வாடகை லாரி. டிராக்டர், டிரெய்லர் வயலுக்கும் களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் மட்டும். ஒரு நடைக்கு வாடகை எவ்வளவு என்று சொன்னால் எருவைவிட வாடகை அதிகம் என்று சிரிப்பீர்கள். வருஷத்துக்கு மூன்று நடையைச் சேர்த்து இரண்டாக்கியிருக்கிறேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "டிராக்டர் வந்தா மாடிப் பசங்க எல்லாம் இறங்கி வந்து பார்க்குங்கடா" என்றாள். அப்புறம், "பரவால்ல. காலு முக்கியம்."

போன மாசம் புது வண்டி வந்தது. மாலை போட்டோம், எலுமிச்சம்பழம் வைத்தோம். முதல் லோடு நெல். யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தபோது பையன் முன்னால் வந்தான். மச்சான் முகத்தைப் பார்த்தேன், அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பையன் ஏறவில்லை. முதலில் டிரெய்லரைச் சுற்றி வந்தான். மூட்டை அடுக்கியதைப் பார்த்து, "ரெண்டு வரிசை முன்னால தள்ளணும் மாமா" என்றான். தள்ளினோம். பின் சொருகினான், கிளிப் போட்டான், சங்கிலியைக் குறுக்கே மாட்டினான். பெடல் தாழ்ப்பாளைப் போட்டான். அப்புறம் சித்தப்பா பையன் காட்டின மாதிரி டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மெதுவாக ஒரு இழு. வரவில்லை. இறங்கி வந்து குனிந்து கண்ணால் பார்த்தான். விழா பார்க்க வந்தவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னடா, ராக்கெட்டா விடறே?" என்று ஒருவர் கேட்டார்.

அவன் அத்தை, என் மனைவி, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் பார்க்கட்டும். நீங்க பேசாம இருங்க" என்றாள்.

மூட்டை மேல் ஏறி உட்காரப் போன இரண்டு சின்னப் பையன்களை அவனே இறக்கிவிட்டான். டிராக்டர் ஒற்றை ஆள் வண்டி. டிரெய்லர் சுமைக்கு, மனுஷனுக்கு இல்லை. அதை அவனைவிட யாரும் அழுத்திச் சொல்லமுடியாது.

நீங்கள் காரில் வரும்போது முன்னால் ஒரு டிராக்டர் டிரெய்லர் போனால், ஹாரன் அடிப்பதற்குமுன் அதன் மூக்கைக் கொஞ்சம் பாருங்கள். மேலே தூக்கிக்கொண்டு போனால் பின்பாரம். கிட்டே போகாதீர்கள். முடிந்தால் ஓரத்தில் நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அன்றைக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

அடுத்த வாரம் நாற்றங்கால் வேலை. விதை ஊறப்போட்டிருக்கிறது. போய்ப் பார்க்கவேண்டும்.